பதினோரு வினாடி

மே மாதம் ரயில் சங்கத்துக்குக் கடிதம் போட்டேன்:
ஐயா, உங்கள் நீராவி எஞ்சின்
சனிக்கிழமைதோறும்
என் வெள்ளை விரிப்புகள்மேல்
மிளகு தூவிவிட்டுப் போகிறது.
நிஜ மிளகென்றால் சூப்பிலாவது போடுவேன்.

ஜூலையில் பதில் வந்தது.
வருத்தம் ஒரு வரி,
இலவசச் சீட்டு இரண்டு.

வில்னிஸ் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"வாரம் தவறாமல் பார்க்கிற வண்டி.
ஏறி உட்கார்ந்து வேறு பார்க்கணுமா?
கிழங்கை யார் தோண்டுவது?"
முப்பத்தோரு வருடமாய்
என் எல்லாக் கேள்விக்கும்
உருளைக்கிழங்குதான் விடை.

தனியாகப் போனேன்.
பச்சைப் பெட்டி, மர பெஞ்சு,
வார்னிஷும் கரிப்புகையும் கலந்த வாசம்.
எதிரே ரீகாவிலிருந்து வந்த ஒரு குடும்பம்,
பக்கத்தில் நீண்ட லென்ஸோடு ஒரு ஜெர்மன்காரி.
வாரநாளில் மாட்டு டாக்டரிடம் ஊசி எடுத்துக் கொடுக்கும் குந்தர்ஸ்
பித்தளைப் பொத்தான் கோட்டில் வந்து
சீட்டில் துளை போட்டான்.
"ஔஸ்மா, நீயா?"
உஷ் என்றேன்.

இரண்டரை அடித் தண்டவாளம்.
அவசரமே தெரியாத வண்டி.
சைக்கிள்காரன் ஒருவன் எங்களை முந்திப் போய்
கேட் அருகே காலூன்றி நின்று
டாட்டா காட்டினான்.
பிர்ச் மரங்கள், பிர்ச் மரங்கள்,
பிறகு திடீரென்று வானம்.
அறுத்த கம்புவயலில்
பிளாஸ்டிக் சுற்றிய வைக்கோல் உருளைகள்,
ஏதோ பூதம் இட்டுவிட்டு மறந்த முட்டைகள்போல.
கம்பத்து நாரைக்கூடு காலி.
போன வாரமே கிளம்பிவிட்டன.
சதுப்பு நிலம் வந்ததும்
சக்கரங்களின் குரல் கம்மியது.
இத்தனை காலம் இங்கே குருதிநெல்லி பறிக்கிறேன்,
குனிந்தபடியே பார்த்திருக்கிறேன் போல.
இவ்வளவு சிவப்பென்று தெரியாது.

குந்தர்ஸ் மெகாபோனை எடுத்தான்.
"இடப்பக்கம் பாருங்கள்,
நூறாண்டு பழைய விவசாயி வீடு!"
அடப்பாவி.
எண்பத்தேழில் கடன் வாங்கி
செங்கல் செங்கலாய் நானும் சுமந்த வீடு.

பெட்டி முழுக்க இடப்பக்கம் சாய்ந்தது.
நானும் சாய்ந்தேன்.

கொல்லைக் கதவு இவ்வளவு நீலமா?
கூரையில் ஓர் ஓடு விலகியிருக்கிறது,
உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாத விலகல்.
கொடியில் என் நான்கு விரிப்புகள்
பாய்மரம்போல் உப்பி நின்றன.
எடுத்து வை என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

கிழங்குப் பாத்தி நடுவே வில்னிஸ்.
மண்வெட்டியைக் கீழே போட்டான்.
தொப்பியைக் கழற்றி
மேடையில் நிற்பவன்போல்
இடுப்பு வரை குனிந்து வணங்கினான்.
பிறகு இரண்டு கையையும் தூக்கி
ஆட்டினான், ஆட்டினான்,
எல்லா ஜன்னலுக்கும்,
யாரென்றே தெரியாத அத்தனை பேருக்கும்.

குழந்தைகள் கூவினார்கள்.
ஜெர்மன்காரி படபடவென்று படம் எடுத்தாள்.
நான் கைக்குட்டை தேடுகிற பாவனையில்
பெஞ்சுக்கடியில் குனிந்துகொண்டேன்.
முகத்தில் சூடு. அது எஞ்சின் சூடில்லை.

பதினோரு வினாடி. எண்ணினேன்.
அதற்குள் பிர்ச் மரங்கள்
கதவைச் சாத்துவதுபோல் வந்து மூடின.

ஜெர்மன்காரி படத்தை எனக்கும் காட்டினாள்.
உடைந்த லாத்விய மொழியில்
"சந்தோஷமான மனிதன்" என்றாள்.
விரலால் திரையைப் பெரிதாக்கினேன்.
முன்பல் இல்லாத அந்த முழுச் சிரிப்பு.
"உங்களுக்குத் தெரிந்தவரா?"
கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு,
"பக்கத்து ஊர்" என்றேன்.

மாலை வீடு திரும்பினேன்.
விரிப்புகளில் வழக்கம்போல் மிளகு.
"எடுக்கச் சொன்னேனே?"
"மறந்துட்டேன்."
"வண்டி போச்சா?"
"போயிருக்கும். யார் பார்த்தா?"
கிழங்கு உரித்தபடி, தலை நிமிராமல்.

ஒன்றும் சொல்லவில்லை நான்.
விரிப்புகளை மறுபடி ஊறவைத்தேன்.
இன்னொரு சீட்டு
மாவு டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது.
செப்டம்பர் கடைசி வரை செல்லும்.
அடுத்த சனிக்கிழமை
குனியாமல் இருக்க வேண்டும்.